வியர்வை வியாபாரம்

நம் ஊரில் வியர்வைக்குத் திடீரென்று மதிப்பு கூடிவிட்டது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை போடுகிறவனுடைய வியர்வையைச் சொல்லவில்லை. அது எப்போதும் போல் மலிவாகத்தான் கிடக்கிறது. காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவை ஐந்து சுற்றுச் சுற்றிவிட்டு, பெஞ்சில் அமர்ந்து துவாலையால் நெற்றியை ஒற்றிக்கொள்கிறாரே, அந்தப் பெரிய மனிதரின் வியர்வையைத்தான் சொல்கிறேன். அதிலே 'எலெக்ட்ரோலைட்' போய்விடுகிறதாம். போனதை உடனே ஈடுகட்டாவிட்டால் சோர்வு வருமாம், கெண்டைக்கால் இழுக்குமாம், மூளை மந்தமாகுமாம். ஆகவே ஒரு பாக்கெட்டைக் கிழித்து, தண்ணீரில் கொட்டி, ஆரஞ்சு வர்ணம் வரும்வரை குலுக்கிக் குடித்தாக வேண்டும்.

இது வீண் என்பது என் கட்சி. சிலருக்கு வீண் என்பதையும் தாண்டிக் கெடுதல் என்பதும் என் கட்சி. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். பாக்கெட்டின் மேல் அச்சடித்திருப்பதும் கதைதானே! படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எலெக்ட்ரோலைட் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உடம்பின் நீரில் கரைந்திருக்கும் உப்புகள், அவ்வளவுதான். வியர்வையில் முக்கியமாகப் போவது நம் சோற்றுப்பு. பொட்டாசியம் கொஞ்சம், மக்னீஷியம் சொற்பம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டென்றாலும், ஒரு லிட்டர் வியர்வைக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம் என்று வைத்துக்கொள்ளலாம். உப்பாகச் சொன்னால் இரண்டரை கிராம். முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பவர் சென்னைப் புழுக்கத்தில் அரை லிட்டர் வியர்ப்பதாகத் தாராளமாகவே கணக்குப் போடுவோம். நஷ்டம், ஒன்றேகால் கிராம் உப்பு. வீட்டுக்கு வந்து நாலு இட்லியைச் சாம்பாரில் முக்கிச் சட்னியோடு சாப்பிட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். மத்தியானத்துக்கு ஊறுகாயும் அப்பளமும் வேறு காத்திருக்கின்றன. நாள் ஒன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக ஜனங்கள் சராசரியாகத் தின்பது அதைப் போல் இரு மடங்கு. எந்த உப்புப் பஞ்சத்தைத் தீர்க்க இந்தப் பாக்கெட்?

என் நண்பர் ஒருவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தக் கொதிப்பு. "தினம் நடங்கள், உப்பைக் குறையுங்கள்" என்று டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். அந்த அம்மாள் பதிவிரதா சிரோன்மணி. அன்றிலிருந்து குழம்பில் பாதி உப்பு. நண்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் சாப்பிடுகிறார். காலையில் நடந்துவிட்டு வரும் வழியில் மட்டும் பாக்கெட் குடிக்கிறார். "இது என்ன ஸார்?" என்று கேட்டேன். "இது வேற உப்பு ஸார், ஸயன்ஸ் உப்பு" என்றார். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். முதல் வரியிலேயே சோடியம் க்ளோரைடு! அமெரிக்காவில் பிரபலமான ஒரு பாக்கெட்டில் ஒரு கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைய உச்சவரம்பில் சரிபாதி, ஒரே மடக்கில்.

வியாபாரி சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்று உண்டு. வியர்வை, ரத்தத்தை விட உப்புக் குறைந்த நீர். ஆகையால் வியர்க்கும்போது உப்பைக் காட்டிலும் தண்ணீர்தான் அதிக விகிதத்தில் வெளியேறுகிறது. ரத்தத்தில் மிஞ்சும் உப்பின் அடர்த்தி ஏறுகிறது. தாகம் எடுப்பது அதனால்தான். உடம்பு தண்ணீர் கேட்கிறது. கேட்டதைக் கொடுத்தால் போதும். மிச்சக் கணக்கைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். தினமும் வெயிலில் உழைத்தால், இரண்டு வாரத்துக்குள் வியர்வைச் சுரப்பிகள்கூட உப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்கின்றன.

ரத்தத்தில் சோடியம் குறைந்து ஓட்டக்காரர்கள் விழுந்ததில்லையா என்று மடக்குவார்கள். விழுந்தது வாஸ்தவம். 2002-ம் வருஷம் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவிகிதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வழி நெடுகக் குடித்துக் குடித்து, புறப்பட்டபோது இருந்ததை விட எடை கூடி வந்தவர்கள். வெறும் தண்ணீர் குடித்தார்களா, விளையாட்டுப் பானம் குடித்தார்களா என்பது ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. பானத்தின் சாட்சி பானத்துக்கே எதிராக முடிந்தது!

இந்தப் பானத்தின் பூர்வோத்தரத்தையும் பார்க்க வேண்டும். 1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற சிறுநீரக மருத்துவர் தம் சகாக்களுடன் அதைத் தயாரித்தார். தலைக் கவசமும் தடித்த உறைகளும் மாட்டிக்கொண்டு வெயிலில் மோதுகிற கால்பந்து வீரர்கள், ஒரே ஆட்டத்தில் பல கிலோ எடை இழந்தார்கள், அவர்களுக்காகச் செய்தது. முதலில் வாயில் வைக்க முடியவில்லையாம். அவர் மனைவி எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னாராம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வீரன் எங்கே, பூங்கா பெஞ்சு எங்கே?

இன்னொரு பிறப்பிடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1971-ல் வங்க தேச யுத்தத்தின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீரும் நிலை. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கிற்று. பல லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றிய அந்தக் கரைசலின் பெயர்தான் ஓ.ஆர்.எஸ். அந்தப் பெயரைச் சர்க்கரைப் பானங்களின் மேல் ஒட்டி, வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைகளின் தாய்மார்களுக்கு விற்றார்களே, அதை என்னவென்பது! ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படி உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவிட்டது. சாகப் பிழைக்கக் கிடந்தவர்களால் சம்பாதித்த மரியாதையைத்தான் இன்று பூங்கா வாசலில் சில்லறையாக மாற்றுகிறார்கள்.

'குடித்தால் தெம்பாக இருக்கிறதே' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தாகத்துக்குக் குளிர்ந்த நீரும் சர்க்கரையும் சேர்ந்தால் தெம்பாகத்தான் இருக்கும். பானகத்திலும் அது உண்டு.

உப்பும் நீரும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் ஓடுகிறவர்கள், பேதியில் கிடப்பவர்கள், வேதாரண்யத்து உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் பகல் முழுதும் நிற்பவர்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. தார்ச்சாலைக்காரன் எட்டு மணி நேரத்தில் சிந்துவது, நம் பூங்கா நண்பர் ஒரு வாரம் நடந்து சிந்துவதற்குச் சமம். அவன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. அதில் பாதி நாள் வெந்நீராய்க் காய்ந்த தண்ணீர். அவனிடம் போய் ஒருவரும் எலெக்ட்ரோலைட் பற்றிப் பேசுவதில்லை. பாக்கெட் வாங்க அவனிடம் காசு கிடையாது.