துறைமுகம் இங்கே, அணி எங்கே?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனின் முதுகில் 'லெவண்டோவ்ஸ்கி' என்று எழுதியிருந்தது. பந்து வெளியே உருண்டு வந்தபோது அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, இவர் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்டேன். "போலந்து ஐயா" என்றான், தயக்கமேயில்லாமல். "சரி, இலங்கையின் முதற்தர லீக்கில் விளையாடும் அணிகளில் ஐந்தின் பெயரைச் சொல் பார்ப்போம்" என்றேன். என்னை ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான்.

பிழை அவனுடையதன்று. பிழை யாருடையது என்பதைத்தான் இன்று எழுதப்போகிறேன். சிலருக்குக் கசக்கும்.

2021 ஏப்ரலில் இலங்கைக் கால்பந்துச் சம்மேளனம் 'சூப்பர் லீக்' என்ற பெயரில் ஒரு தொழில்முறைப் போட்டித்தொடரை ஆரம்பித்தது. கொரோனாப் பெருந்தொற்று அதை இடையிலே முடக்கியது. பின்னர் மீண்டும் தொடங்கி 2022 ஜனவரியில் நிறைவுற்றது. களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம் சம்பியனாயிற்று. அக்கழகம் ஆசியக் கழகக் கிண்ணத்துக்கும் சென்று, 2022 ஏப்ரலில் நேபாளத்தின் மச்சிந்திரா அணியை 2–1 என்று வென்று, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0–5 என்று தோற்றுத் திரும்பியது. தோற்றாலும் பாராட்ட வேண்டிய முயற்சியே. அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு அந்த லீக்கின் அணிப் பட்டியலைப் பற்றியது. பத்துக் கழகங்கள். கொழும்பு எஃப்.சி., ரினோன், ரட்ணம், புளூ ஸ்டார், ரெட் ஸ்டார், நியூ யங்ஸ், அப்கன்ட்ரி லயன்ஸ் என ஏழு. எஞ்சிய மூன்றும் படைகளுடையவை: இராணுவத்தின் டிபென்டர்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ். 'ரட்ணம்' என்ற பெயரைக் கண்டு யாழ்ப்பாணத்து வாசகர்கள் பூரிக்க வேண்டாம். அது கொழும்புக் கழகம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து ஒன்றுமில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒன்றுமில்லை. திருகோணமலையிலிருந்தும் ஒன்றுமில்லை. ஒன்பது மாகாணங்களைக் கொண்ட நாட்டின் உச்ச லீக்கில் வடக்கு, கிழக்கு என்ற இரு மாகாணங்களுக்கும் சேர்த்துப் பூச்சியம், படைகளுக்கு மூன்று.

திருகோணமலையில் கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் இருக்கிறது. கடற்படைக் கலாசாலையும் இங்கேதான். உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகத்தின் பெரும்பகுதிக் கரையில் ஊர்மக்கள் காலாற நடக்கவும் இயலாது. ஆக, துறைமுகத்தில் இருப்பதும் கடற்படை. லீக்கில் இருப்பதும் கடற்படை. ஊர் மட்டும் இரண்டிலும் இல்லை.

கடற்படை அணிக்காக ஆடும் இளைஞர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. நிலையான சம்பளமும் உணவும் பயிற்சியும் தரும் இடத்துக்கு விளையாட்டு வீரன் போவது இயல்பு. இந்த நாட்டில் கால்பந்தாட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் தவறாமல் தரும் நிறுவனங்கள் படைகளாகவே இருப்பதுதான் வெட்கம். அந்தக் கதவு எல்லா இளைஞர்களுக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்கிறதா என்பதை வடகிழக்கு வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி, போலந்துக்கு வருவோம். அந்தப் பையனின் முதுகிலிருந்த பெயரே நமக்குப் பாடம்.

ரொபர்ட் லெவண்டோவ்ஸ்கி தலைநகர் வார்சாவின் புகழ்பெற்ற லெகியா கழகத்தால் 2006 இல் வேண்டாமென்று கைவிடப்பட்டவர். அவரை எடுத்துக்கொண்டது பிருஷ்கூவ் என்ற சிறு நகரின் ஸ்னிச் கழகம். அது அப்போது மூன்றாம் பிரிவில் இருந்தது. அங்கே கோல் மழை பொழிந்தார், கழகம் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது, அங்கும் பொழிந்தார். 2008 இல் லெக் போஸ்னான் கழகம் அவரை அழைத்துச் சென்றது. 2009–10 பருவத்தில் போலந்தின் உச்ச லீக்கான எக்ஸ்ட்ராகிளாசாவில் 18 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவராகவும் சம்பியன் அணியின் வீரராகவும் திகழ்ந்தார். அதே ஆண்டில் ஜேர்மனிக்குப் புறப்பட்டுவிட்டார். திறமை அவருடையது, ஆனால் ஏணி அந்த நாட்டினுடையது. தலைநகரம் தள்ளிவிட்டவனைச் சிற்றூர் தாங்கிப் பிடிக்க, சிற்றூரிலிருந்து உச்சிவரை படிகள் இருந்தன.

இன்னொரு செய்தியும் உண்டு. கம்யூனிச ஆட்சிக்காலத்தில் போலந்திலும் கழகங்கள் அரசின் கரங்களிலேயே இருந்தன. லெகியா இராணுவத்தின் கழகம். கட்டாய இராணுவச் சேவையைக் காட்டி மற்றக் கழகங்களின் நல்ல வீரர்களைத் தன்பக்கம் இழுத்துக்கொண்ட கழகம். வ்ரோட்ஸ்வாஃப் நகரின் ஸ்லோன்ஸ்க் கழகமும் படையினருக்காகத் தொடங்கப்பட்டதே. கிராக்கோவின் விஸ்வா காவற்படையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1989 இன் பின்னர் இவை ஒவ்வொன்றாகப் படைகளின் பிடியிலிருந்து விடுபட்டு அந்தந்த நகரங்களின் கழகங்களாயின. இன்று லெகியா வார்சாவின் அணி. ஸ்லோன்ஸ்க் வ்ரோட்ஸ்வாஃபின் அணி. நம் நாட்டிலே போர் முடிந்தது 2009 இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய 'தொழில்முறை' லீக்கில் பத்தில் மூன்று இடங்கள் படைகளுக்கு. அவர்கள் விட்டு வெளியேறிய இடத்துக்கு நாம் நடந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

2023–24 பருவத்தைப் பாருங்கள். பதினெட்டுக் கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். முடிவில் யாகியெலோனியாவும் ஸ்லோன்ஸ்கும் தலா 63 புள்ளிகள். தம்மிடையே ஆடிய ஆட்டங்களின் பெறுபேற்றால் யாகியெலோனியா தன் வரலாற்றில் முதன்முறையாகச் சம்பியனாயிற்று. அது எந்த ஊர்க் கழகம்? பெலாரஸ் எல்லைக்கு அண்மையிலுள்ள பியாவிஸ்டோக். போலந்தின் வடகிழக்கு! அங்கேயும் வடகிழக்கு என்றால் ஒதுக்குப்புறம்தான். தொழிற்சாலைகளும் செல்வமும் வேறு திசையில்தான். ஆயினும் அந்த வடகிழக்குக்கு மேலே ஏற வழி இருந்தது, ஏறியது. இன்னும் வேண்டுமா? எழுநூறு, எண்ணூறு பேர் மாத்திரமே வாழும் நியெசியேச்சா என்ற கிராமத்தின் கழகம் 2015 இல் அதே உச்ச லீக்குக்கு உயர்ந்தது. ஏகாம்பரம் மைதானத்தைச் சுற்றியுள்ள நாலு தெருக்களில் அதைவிட அதிகம் பேர் வாழ்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு வழமையாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, "தரம் இல்லை, தரமிருந்தால் வந்திருப்பார்கள்". மன்னாரில் பிறந்த டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் பின்களத்தைக் காத்தவர். மாலைதீவுக் கழகமொன்றுக்காக ஆடிவந்த காலத்தில், 2022 பெப்ரவரியில், அங்கேயே காலமானார். நாட்டுக்கு ஆடும் தரம் அவருக்கு இருந்தது. சொந்த மாவட்டத்திலிருந்து உச்ச லீக்கில் ஆட ஒரு கழகம் இருக்கவில்லை. இன்று தேசிய அணியில் சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் ஆடுகிறார். புலம்பெயர்ந்த பெற்றோரின் வேறு பிள்ளைகளும் ஆடுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. ஐரோப்பியச் சிறுநகரங்களின் கழகங்கள் வளர்த்த தமிழ்ப் பிள்ளை தேசிய அணிக்குத் தகுதியாகிறான் என்றால், இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளிடம் இல்லாதது இரத்தமா, கழகமா?

இரண்டாவது, "வசதி இல்லை; மைதானம் இல்லை". திருகோணமலையில் மெக்கெய்சர் மைதானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. மின்னொளியும் உடைமாற்று அறைகளும் போதாவிட்டால் அமைக்க வேண்டும். அணி வந்தால் வசதி தருவோம் என்பார்கள். வசதி வந்தால்தான் அணிக்கு உரிமம் என்பார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான் இது.

மூன்றாவது, "அரசியல் பேசாதீர்கள், விளையாட்டு வேறு". விளையாட்டில் அரசியல் செய்தவர் யார்? சம்மேளனத் தேர்தலில் மூன்றாம் தரப்பின் தலையீடு என்று கூறி, 2023 ஜனவரி 21 முதல் இலங்கையை ஃபிஃபா இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் மாத இறுதியாயிற்று. அதற்கிடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கைக்கு இடமில்லாமற் போயிற்று. நாற்காலிச் சண்டை கொழும்பில். தண்டனை நாடு முழுவதற்கும். உச்ச லீக்கின் வாசலையே காணாத கிண்ணியாப் பையனும் மூதூர்ப் பையனும் அந்தத் தண்டனையில் பங்கேற்றார்கள். உரிமையில் பங்கில்லை, தண்டனையில் மட்டும் சமபங்கு!

போர் ஒரு தலைமுறையை மைதானத்திலிருந்து விரட்டியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை இந்நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் எத்தனை தாய்மார் தம் பிள்ளைகளைப் பொழுது சாய்ந்தபின் வெளியே விட்டிருப்பார்கள்? கால்பந்தாட்டமோ மாலை நேரத்து விளையாட்டு. மாலையைப் பறிகொடுத்த ஊரிடம், மாலையை ஒருபோதும் இழக்காத ஊர்களோடு "தரத்தில்" போட்டியிடு என்பது நீதியாகுமா?

மற்றவரைச் சாடிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. முதலில் என்னையே சாடிக்கொள்கிறேன். நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில், திருகோணமலை ஆட்ட முடிவைத் தொலைபேசியில் யாராவது சொன்னால், பக்கத்தில் இடம் மீந்தால் இரண்டு வரி போடுவோம். கோல் அடித்தவனின் பெயர்கூட வராது. அதே பக்கத்தில் இங்கிலாந்துக் கழகமொன்றின் படம் நான்கு பத்தி அகலத்தில் நிற்கும். அந்தப் பக்கத்தை முடித்து அனுப்பிய கைகளில் என்னுடையதும் ஒன்று. தன் ஊர் அணியின் பெயரை அந்தப் பையன் அறியாததற்கு நானும் ஒரு காரணம்.

அடுத்து, புலம்பெயர்ந்த உறவுகள். 2018 இல் வடக்கு கிழக்குப் பிரீமியர் லீக் என்ற தொடர் நடந்தது. எட்டு மாவட்டங்களிலிருந்து பன்னிரண்டு அணிகள். நம்மூர்ப் பெயரோடு 'ட்றிங்கோ டைட்டன்ஸ்' அணியும் இருந்தது. புலம்பெயர் முதலீடு, ஏலத்தில் வீரர்கள், நேரடி ஒளிபரப்பு. மகிழ்ந்தேன். ஆனால் அதில் வென்ற அணி எங்கே ஏறும்? எங்கும் ஏறாது. சம்மேளனத்தின் படிக்கட்டில் அது ஒரு படியாக இருக்கவில்லை. தனியே கட்டிய மேடை அழகாயிருக்கலாம், அது ஏணியாகாது. ஒரு கிழமை விழாவுக்கும் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கும் பணம் அனுப்பும் கரங்கள், ஒரு கழகத்தின் பயிற்றுநருக்கு மூன்றாண்டுச் சம்பளம் கொடுக்கத் தயங்குவது ஏன்? கிண்ணத்தில் பெயர் பொறிக்கலாம், சம்பளப் பட்டியலில் பொறிக்க முடியாது என்பதாலா?

நான் கேட்பது சலுகையன்று. மூன்றே விடயங்கள். உச்ச லீக்குக்குக் கீழே பிராந்தியப் பிரிவுகள் அமைய வேண்டும்; வடக்கு, கிழக்குப் பிரிவுகளில் வெல்லும் கழகம் தகுதிகாண் ஆட்டத்தில் மோதி மேலே ஏற எழுத்திலான வழி இருக்க வேண்டும். படைகளின் அணிகள் தமக்குள் ஆடித் தேறி ஒரேயோர் இடத்துக்கு வரட்டும். மீதி இரண்டு இடங்களும் ஊர்களுக்குத் திறக்கட்டும். உச்ச லீக்கின் ஆட்டங்கள் சில திருகோணமலையில் நடக்கட்டும். சுமார் 260 கிலோமீற்றர் பயணம் செய்துதான் நல்ல ஆட்டம் பார்க்கலாம் என்ற நிலை மாறட்டும்.

அப்படியோர் அணி இங்கே அமைந்தால் அதில் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் இருப்பார்கள். இந்த மாவட்டத்தின் இயல்பு அது. மேடைகளில் நல்லிணக்கம் பேசச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு போதும், அந்தப் பதினொருவரை ஒரு பருவகாலம் ஒன்றாக ஓட வைக்க.

அன்று மாலை இருட்டிய பின்னும் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து கண்ணுக்குத் தெரியாமற் போன பிறகுதான் நிறுத்தினார்கள். மைதானத்தில் விளக்கில்லை. சற்றுத் தள்ளித் துறைமுகத்தில், கடற்படைத் தளத்தின் விளக்குகள் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தன.