குளிகை அட்டையில் ஒரு பேனாக் கிறுக்கல்: நிறைய படித்த மாவட்டத்திலும் மருந்தின் அளவு தப்புவது ஏன்?

ராத்திரி ஒன்பது மணி. பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பீர்கள். நாகர்கோவிலிலிருந்து அம்மாவின் வீடியோ கால். “மக்களே, பழைய வெள்ளைக் குளிகை தீந்து போச்சு. மெடிக்கல்ல வேற தந்திருக்கான், ரோஸ் கலர்ல இருக்கு. இது ஒண்ணுதானா, வேறயா? பாத்துச் சொல்லு.” கேமரா முன்னால் ஒரு மாத்திரை அட்டை ஆடுகிறது. ஓரம் வெட்டிக் கொடுத்த அட்டை. பெயர் பாதிதான் தெரிகிறது. பின்பக்கம் நீல மையில் ‘1-0-1’ என்று ஒரு கிறுக்கல்.

குமரி மாவட்டத்தில் வயதான பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த அழைப்பு புதிதல்ல. அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவரும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர், தான் விழுங்கும் குளிகையைப் பற்றி மகனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சிக்கல் எங்கே இருக்கிறது?

கையெழுத்துதான் காரணமா?

மருந்துப் பிழை என்றதும் நமக்கு டாக்டரின் கையெழுத்துதான் ஞாபகம் வரும். நீதிமன்றங்களும் அங்கிருந்துதான் தொடங்கின. டாக்டர்கள் தெளிவான எழுத்தில் எழுதுவதை உறுதிசெய்யும்படி 2024 ஜனவரியில் ஒடிசா உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஜாமீன் மனு ஒன்றில் வந்த மருத்துவ அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் புரியாததைப் பார்த்த நீதிபதி, படிக்கக்கூடிய மருந்துச் சீட்டைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார். மருந்துச் சீட்டுகளைக் கணினிக்கு மாற்ற இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்தார்.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்திவிட்டது. ஆனால், எழுத்து அழகானால் மட்டும் பிரச்சினை தீராது. ‘.5’ என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ‘5.0’ என்பது 50 ஆகும். இன்சுலின் 10 யூனிட் என்பதைச் சுருக்கி, 10-க்குப் பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போட்டால், அது பூஜ்யம் போலத் தெரிந்து 100 ஆகலாம். கம்ப்யூட்டரில் அடித்தாலும் பட்டியலில் ஒரு வரி மேலே கிளிக் ஆகிவிட்டால், தப்பான மருந்து தெளிவான எழுத்தில் அச்சாகி வரும்.

டாக்டரின் மேசையிலிருந்து கிளம்பும் மருந்து சீட்டு, கடை, வீடு என்று மூன்று கை மாறித்தான் வாய்க்குப் போகிறது. சீட்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மற்ற இரண்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டியேறும் பழக்கம் இன்றும் இருக்கிறது. மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்திரா, ஆர்.சி.சி. என்று அங்கே காட்டிவிட்டு, மாதாமாதம் மருந்தை மட்டும் இங்கே வாங்குவார்கள். இது தவிர ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தரும் மாத்திரை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சுகர் மாத்திரை, பிரைவேட் டாக்டர் எழுதியது என எல்லாம் ஒரே டப்பாவில் சேர்கின்றன.

இங்கேதான் ஆபத்து. அரசு மாத்திரையில் ‘அம்லோடிபின்’ என்று மூலப்பெயர் இருக்கும். கடையில் வாங்கியதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகத் தெரியும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் போட்டால், ரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கித் தலை சுற்றும். அறுபது, எழுபது வயதில் குளியலறையில் ஒருமுறை விழுந்தால் அது வேறு கதையாகிவிடும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான், மூலப்பெயரைக் கம்பெனிப் பெயரைவிடக் குறைந்தது இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பர் 13-ல் அமலுக்கு வந்தது. கூட்டு மருந்துகளில் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நம் வீட்டு சுகர் மாத்திரைகளில் பல கூட்டு மருந்துகள்தான். அவற்றில் பெயருக்குப் பின்னால் வரும் ‘எம்1’, ‘எம்2’ என்ற ஒற்றை எண்ணில்தான் அளவே இருக்கிறது. ஒன்று இரண்டானால், உள்ளே இருக்கும் கிளிமிபிரைடு இரட்டிப்பாகும்.

பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதும் பழைய பிரச்சினை. ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் பெயர் தொடர்பான வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம், மற்ற பொருள்களைவிட மருந்துப் பெயர்களில் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றது. பல மொழி பேசும் நாட்டில், அவசரமும் நெருக்கடியும் உள்ள இடத்தில் குழப்பம் உயிரைப் பறிக்கும் என்பதே அதன் காரணம்.

அளவு தப்பும் மூன்று இடங்கள்

*இன்சுலின்:* இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வளைகுடா உள்பட வெளிநாடுகளில் வழக்கத்தில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. துபாயிலிருந்து வரும் மகன் அப்பாவுக்கு இன்சுலின் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். அதை வீட்டில் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை சரிந்து மயங்கிவிடலாம். மாறாக, உள்ளூர்க் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். ‘டோஸ் சரியாத்தானே போடுறேன், சுகர் ஏன் இறங்கல?’ என்ற கேள்விக்குச் சில வீடுகளில் இதுதான் பதில்.

*குழந்தைகளின் காய்ச்சல் மருந்து:* பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 100 முதல் 150. கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. ‘அஞ்சு மில்லி’ என்பது மட்டும் மனசில் நின்று சொட்டு மருந்தை அப்படி ஊற்றினால், 500 மில்லிகிராம் போய்விடும். இதே குழப்பத்துக்காக அமெரிக்க மருந்து நிறுவனங்கள், 2011-ல் செறிவு அதிகமான சொட்டு மருந்தை விட்டுவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே செறிவுக்கு மாறின. இங்கே மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

*வாரம் ஒருமுறை மாத்திரை:* மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோடிரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். உலகம் முழுக்கப் பதிவான பிழை இது. அட்டையில் ‘1’ என்று எழுதிக் கொடுத்தால் யாருக்குக் கிழமை தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 65-வது விதிப்படி, மருந்துச் சீட்டில் நோயாளியின் பெயர், தேதி, மொத்த அளவு, ஒரு வேளைக்கான அளவு இருக்க வேண்டும். பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும். டாக்டர் சீட்டு கட்டாயமான மருந்துகளுக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் உள்ள வேறு தயாரிப்பைக்கூடக் கடைக்காரர் தானாக மாற்றித் தரக் கூடாது. மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்கின்றன, 2015-ம் ஆண்டின் மருந்தாளுநர் பணி விதிமுறைகள்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்துகளுக்குக் கியூஆர் கோடும் கட்டாயம். ஆனால், ஸ்கேன் செய்தால் வருவது பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி, உரிம எண். போலி மருந்தைப் பிடிக்க உதவும். அம்மா காலையில் எத்தனை குளிகை போட வேண்டும் என்பதை அது சொல்லாது.

வாழைக்கு உண்டு, வாய்க்கு இல்லை

தோவாளையில் வாழைக்குப் பூச்சிமருந்து வாங்குகிறீர்கள். 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி, உள்ளே இருக்கும் துண்டுத்தாள் ஆங்கிலம், இந்தியோடு அந்தப் பகுதி மொழியிலும் இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்காக விஷத்தின் வீரியத்தைச் சொல்லும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறக் குறியும் உண்டு. மனிதர் விழுங்கும் மாத்திரை அட்டையில் உள்ளதெல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் நாட்டின் மொழியில் மருந்து லேபிள் இருந்தாக வேண்டும். பெட்டியில் பிரெயில் எழுத்தில் பெயரும் இருக்கும். பிரிட்டனில் கடைக்காரர் ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் நோயாளியின் பெயர், சாப்பிடும் முறை, கொடுத்த தேதியை அச்சிட்டு ஒட்டித்தான் கொடுக்க வேண்டும்.

‘எல்லா மொழியிலும் கம்பெனிக்காரன் அச்சடிக்க முடியுமா?’ என்ற கேள்வி நியாயமானது. இமாச்சலத்தில் தயாராகும் அட்டை எந்த மாநிலத்துக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. அதனால் லேபிளைக் கடையில் ஒட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டத்தில் பல மெடிக்கல்களில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் பில்தான். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் அதில் வந்துவிடுகின்றன. ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின், 30 நாள்’ என்ற ஒரு வரியைத் தமிழில் சேர்த்து, ஒட்டும் தாளில் அடித்துக் கொடுப்பது பெரிய செலவில்லை. கூட்டம் இருக்கும், நேரம் ஆகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அரை நிமிடத்தைக் கடையில் மிச்சப்படுத்தினால், அந்தப் பொறுப்பு முழுவதும் எழுபது வயதுக்காரரின் ஞாபகசக்தியின் மேல் விழுகிறது. அரசு மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் இதை முதலில் தொடங்கினால் தனியார் கடைகளும் பின்னால் வரும்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

* அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே மூலப்பெயர் இரண்டு அட்டையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.
* ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: மருந்தின் மூலப்பெயர், எதற்கு, காலை - மதியம் - இரவு எத்தனை. வார மாத்திரை என்றால் கிழமையையும் எழுதுங்கள். அதையே போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வையுங்கள்.
* பெயரும் காலாவதி தேதியும் உள்ள பக்கத்தை வெட்டாமல் தரச் சொல்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.
* இன்சுலின் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வீடியோ காலில் ஒருமுறை பாருங்கள்.
* மருந்தால் பாதிப்பு என்று தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் புகார் சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துப் பிழைகளுக்கு எதிராக உலகளாவிய இயக்கம் தொடங்கியபோது, இவற்றால் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று மதிப்பிட்டது. குமரியில் அந்தக் கணக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு பாட்டா மயங்கி விழுவார், ‘வயசாகிப் போச்சு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டப்பாவில் இருந்த அட்டைகளை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். இன்று ராத்திரி அம்மா கூப்பிட்டால், அந்த டப்பாவை முழுசாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.