மூணு மணிக்குக் கூட்டம் வச்சா யார் வருவாங்க?

அரசுப் பள்ளி பற்றிப் பேச்சு எடுத்தாலே 'வாத்தியாருக்கு அக்கறை இல்ல' என்று ஒரு கட்சி, 'பெத்தவங்க எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல' என்று இன்னொரு கட்சி. இந்த ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கச் சட்டமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைகிற பள்ளி மேலாண்மைக் குழுதான் அது. உறுப்பினர்களில் நாலில் மூணு பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வளர்ச்சித் திட்டம் போடுவதும், வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இவர்கள் வேலை. 2022-ல் 'நம் பள்ளி நம் பெருமை' என்று மாநிலம் முழுக்கப் பிரச்சாரம் செய்து இந்தக் குழுக்களை மறுபடி அமைத்தார்கள்.

ஏட்டில் எல்லாம் சரிதான். மேட்டூர்ப் பக்கம் வந்து பாருங்க. அப்பா அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட். மேச்சேரி, ஜலகண்டாபுரம் என்றால் வீட்டில் ரெண்டு பேருமே தறியில். அணையில் மீன் பிடிக்கிறவங்களுக்கு ராத்திரிதான் பகல். கூட்டமோ வேலை நாளில், மதியம் மூணு மணிக்கு. வந்தால் அரைநாள் கூலி போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நாலு பேர் வந்தார்கள். மீதிக் கையெழுத்துக்குத் தீர்மான நோட்டு பிள்ளைகள் கையில் வீடு வீடாகப் போனது. இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் வைக்கலாமே என்றால், சேலத்திலிருந்து பஸ் ஏறி வர்ற டீச்சர் எப்போ வீடு போய்ச் சேருவாங்க? அதுவும் நியாயமான கேள்வி. ஈராசிரியர் பள்ளி என்றால் ரெண்டே பேர் அஞ்சு வகுப்பையும் பார்த்து, எமிஸ் பதிவையும் முடிக்கணும். அதனால் மாசாமாசம் வேண்டாம்; மூணு மாசத்துக்கு ஒரு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்து, ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பு கொடுக்கட்டும்.

பள்ளிக்கு ஊர் உதவுவது நமக்குப் புதுசில்லை. காமராஜர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பெரிய காரியம்தான். ஆனா அந்தப் பழக்கத்திலேயே இன்னிக்கும் 'ஸ்கூலுக்குச் செய்யறது' என்றால் ஃபேனும் பீரோவும் வாங்கிக் கொடுப்பது என்றே நினைக்கிறோம். பத்துப் பைசா கொடுக்காத அம்மாவுக்கும், "என் பையன் அஞ்சாவது வந்தும் வாசிக்கத் திணறுறான், என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்க அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கு. டீச்சரும் அப்போ, பையன் வாரத்துக்கு ரெண்டு நாள் ஏன் வர்றதில்லைன்னு திருப்பிக் கேட்கலாம். புகார் சொல்ல மட்டும் பெற்றோரைக் கூப்பிட்டால் இந்தப் பேச்சு நடக்காது.

2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் குழுவில் இடம் வந்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இங்கே வந்து சேர்ந்தவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால், பள்ளி நடக்கிற நாளாப் பார்த்துத் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்க. அந்த இடத்தில் யார் இருக்காங்கன்னு கேளுங்க. அப்படியே போன கூட்டத்துத் தீர்மானம் என்னாச்சுன்னும் கேளுங்க.