வேலியை நாமே பிடுங்கலாமா?

"அந்த வீட்டிலை தண்ணி வாங்கிக் குடியாதேங்கோ" என்னும் பேச்சு எமது குடியிருப்புகளில் இன்னும் ஓயவில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம் என்ற கதை பரவியதும், அந்தக் குடும்பமே கிணற்றடியிலும் கோயிலிலும் தனித்து விடப்படுகிறது. இலங்கையர் ஒருவரிடம் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எம்மிடம் அறிவைவிட அச்சமே கூடுதலாக இருக்கிறது. இந்த அச்சம் ஒருவரின் உயிரையே பறிக்கக் கூடும் என்பதே எமது கருத்து.

வேலி விழுந்த வயல் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் மாடு வரும்; பின்னர் பன்றி வரும். எமது உடலுக்கும் வேலி உண்டு. குருதியிலுள்ள சிடி4 என்னும் வெண்கலங்களே அந்தக் காவலுக்குத் தலைமை தாங்குகின்றன. சுகதேகி ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை பொதுவாக 500க்கு மேல் இருக்கும். எச்.ஐ.வி. அழிப்பது இவற்றைத்தான். 200க்குக் கீழே இறங்கினால் அது எயிட்ஸ் நிலை. அடங்கிக் கிடந்த வேறு கிருமிகளும் அப்போது தலைதூக்கும்.

அப்படி வருவனவற்றுள் ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு முக்கியமானது. எச்.ஐ.வி.யைப் போலவே இதுவும் குருதி வழியாக, உடலுறவு வழியாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு எனப் பரவுகிறது. ஆகவே ஒருவரிடம் இரண்டும் சேர்ந்திருக்க இடமுண்டு. காவல் தளர்ந்த உடலால் பி வைரசை வெளியேற்றுவது கடினம். ஈரல் சுருங்கி இறுகுவதும், ஈரலில் புற்றுநோய் உண்டாவதும் விரைவுபடும். பல ஆண்டுகளுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. செங்கண்மாரி கண்டபின் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பது போதாது. உண்மையைச் சொல்வது குருதிப் பரிசோதனையே.

ஆறுதலான செய்தியும் உண்டு. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கப்படும் ரெனோபோவிர், லமிவுடின் ஆகிய மருந்துகள் பி வைரசையும் அடக்குகின்றன. ஒரே குளிசை இரண்டு பகைவரையும் தடுக்கிறது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இச்சிகிச்சை இலவசம், இரகசியமும் காக்கப்படும். ஒழுங்காக மருந்தெடுத்துக் குருதியில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பிறருக்குத் தொற்றுவதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது? மருந்தைத் திடீரென நிறுத்துவதில். நிறுத்தினால் எச்.ஐ.வி. மீண்டும் பெருகும். அடங்கியிருந்த பி வைரசும் சீறியெழும். ஈரல் செயலிழந்து மரணமும் நேரலாம். அப்படியானால் மருந்தை நிறுத்துபவர் யார்? சிகிச்சை நிலைய வாசலில் ஊரவர் கண்டுவிடுவர் என்று அஞ்சுபவர்; குளிசைப் போத்தலை ஒளித்து வைத்து, ஒருநாள் விட்டுவிடுபவர்; இடம்பெயரும் அவசரத்தில் தவறவிடுபவர். முதல் இருவரின் கையிலிருந்து குளிசையைப் பறிப்பது எமது வாய்தான். எஞ்சியிருக்கும் வேலியையும் நாமே பிடுங்குகிறோம்.

ஆகவே நாம் கேட்பவை சில. இரவோடிரவாக ஓடியபோதும் காணி உறுதியை மறவாமல் எடுத்து வந்தவர்கள் நீங்கள். மருந்தெடுப்பவர்கள் குளிசையையும் சிகிச்சை அட்டையையும் அதே பையில் வையுங்கள். போய்ச்சேர்ந்த இடத்தில் முதலில் தேட வேண்டியது அரச வைத்தியசாலையை. பி வைரசுக்கான தடுப்பூசி எமது நாட்டில் 2003 முதல் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பலருக்கு அது கிடைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் பரிசோதித்து, தேவையாயின் இதனைப் போட்டுக்கொள்ள வேண்டும். சிடி4 நன்றாக இருக்கையில் போட்டால் பயன் கூடுதல். சவர அலகை எவரும் பொதுவில் பாவிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே கிணற்றில் அள்ளுவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ இவ்விரு கிருமிகளும் தொற்றுவதில்லை. தொழுநோயாளரை ஆண்டவர் தூர நின்று அல்ல, தொட்டே குணமாக்கினார். முகாமில் ஒரு பானைக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்துப் பிழைத்த மக்கள் நாம். ஒரு செம்புத் தண்ணீரை மறுக்கலாமா?