முதலில் கராஜைப் பாருங்கள், பிறகு ஜீப்பைப் பாருங்கள்



ஐந்து ஆண்டுகளாக இருந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியதிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. பாவித்த பெரிய ஜீப் ஒன்று வாங்கலாமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது? கனடாவிலும் லண்டனிலும் உழைத்துக் களைத்து, இனி ஊரோடு இருப்போம் என்று வந்தவர்கள் கேட்கிறார்கள். இங்கேயே இருந்து தோட்டமும் கடையுமாக முன்னேறியவர்களும் கேட்கிறார்கள். வடமராட்சியிலிருந்து ஒரு தம்பி எழுதிய கடிதம் இவற்றில் விரிவானது. கொழும்பில் பழைய போர்ஷே கயென் டேர்போ ஒன்று விலைக்கு நிற்கிறதாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, ரவுணுக்குப் போய்வர, ஞாயிற்றுக்கிழமையில் ஃபைபர் படகை ரெயிலரில் ஏற்றி மணற்காட்டுக்கு இழுத்துப் போக, மூன்றுக்கும் அது ஒன்றே காணுமா என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் எழுதத்தான் இருந்தேன். எழுத எழுத அது எல்லோருக்குமான கதையாக வளர்ந்துவிட்டது. ஆகவே இந்த மாதப் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

தம்பி ஆசைப்படுவது சும்மா ஒரு வாகனம் அல்ல. முதல் தலைமுறைக் கயென் டேர்போவின் எஞ்சின் 4.5 லீற்றர், எட்டுச் சிலிண்டர், 450 குதிரைவலு. இழுவைக்கு உண்மையில் வேண்டிய முறுக்குவிசை 620 நியூட்டன் மீற்றர். பிரேக் பூட்டிய ரெயிலர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். காகிதத்தில் பார்த்தால் ஒரு ஃபைபர் படகு அதற்குப் பஞ்சு மூட்டை.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த 3,500 கிலோ, பிரேக் உள்ள ரெயிலருக்குச் சொன்ன கணக்கு. நம் பக்கத்து ஒட்டுவேலைக் கடைகளில் இரும்புச் சட்டம் ஒட்டி, இரண்டு சில்லுப் பூட்டித் தரும் படகு ரெயிலர்களில் பெரும்பாலும் பிரேக் இருப்பதில்லை. பிரேக் இல்லாத ரெயிலர் என்றால் கயெனுக்கும் 750 கிலோதான், பிராடோவுக்கும் 750 கிலோதான், ரேஞ்ச் ரோவருக்கும் 750 கிலோதான். படகு, வெளியிணைப்பு எஞ்சின், எண்ணெய்க் கான், வலை, ரெயிலரின் சொந்தப் பாரம் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும், சில வேளை தாண்டியும் விடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றமில்லை, இறக்கமில்லை என்பது உண்மை. ஆனால் நெல்லியடிச் சந்தியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் முன்னால் இருக்கும் ஜீப்பும் பின்னால் வரும் படகும் சேர்ந்தே நிற்க வேண்டும். ஆகவே தம்பி, ஜீப்புக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை முதலில் ரெயிலரின் பிரேக்குக்குக் கொடுங்கள். படகை ஏற்றும்போது மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு கொளுக்கியின் மேல் அமரும்படி முன்னுக்கு நகர்த்தி வையுங்கள். பாரம் பின்னுக்குப் போனால் ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் ஜீப்பையும் பிடித்து உலுப்பும். ரெயிலருக்குத் தனிப் பதிவு தேவை என்பதையும் காப்புறுதிக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

450 குதிரைவலுவை எங்கே ஓட்டுவது என்ற கேள்வியும் உண்டு. ஊர்மனை தாண்டிய வீதியில் காருக்குச் சட்டம் தரும் உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. ஏ9 வீதியில் நாவற்குழி தாண்டி ஆனையிறவு வரை நேர்கோடாக ஓடினாலும் அந்த எஞ்சினின் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. மணற்காட்டு மணலிலோ நிலைமை இன்னும் மோசம். இரண்டு தொன்னைத் தாண்டிய உடம்பும் தட்டையான அகல ரயரும் அந்த மணலில் புதைந்துபோகும். மருதங்கேணி, செம்பியன்பற்றுக் கரைகளில் படகையும் வலையையும் இழுப்பது உழவு இயந்திரம்தான். தோட்டத்துச் சாமானுக்கு லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரம், அதுவும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு. வீதி முடியும் இடம்வரை ஜீப்பில் கொண்டுபோய், மணல் தொடங்கும் இடத்திலிருந்து உழவு இயந்திரக்காரரிடம் விட்டுவிடுவதே புத்தி. உப்புத் தண்ணீருக்குள் ஜீப்பின் பின் சில்லை இறக்கும் பழக்கத்தை மட்டும் தொடங்கிவிட வேண்டாம்.

இவ்வளவும் எண்ணிக்கை. நான் சொல்ல வந்தது வேறு.

வாகனத்தை எப்படித் தெரிவு செய்வது என்று இந்தக் குடாநாடு ஏற்கெனவே ஒருமுறை பரீட்சை எழுதியிருக்கிறது, மிகக் கடுமையான பரீட்சை. போர்க்காலத்தில், 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை. அளவோடு வந்தது மண்ணெண்ணெய் மட்டுமே. அந்த ஆண்டுகளில் இங்கே ஓடிய கார்கள் எவை? ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். ஏ40 டெவன் 1947 இல் வந்த கார், சோமசெற் 1952 இல் வந்த கார். இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய, ஆங்கில எழுத்துத் தாங்கிய கார்கள் பல. ஏ40 க்கு 1,200 சி.சி எஞ்சின், நாற்பது குதிரைவலு. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதும் அவைதான், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வந்ததும் அவைதான்.

அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சாரதி பொனற்றைத் திறப்பார். மடியிலிருந்தோ ஆசனத்துக்குக் கீழிருந்தோ ஒரு சின்னப் போத்தலை எடுப்பார். அதற்குள் இருப்பது பெற்றோல், அதுவும் அடியில் கொஞ்சம். காபரேற்றரின் வாய்க்குள் எண்ணிச் சில துளி விடுவார். பிறகு முன்பக்கம் வந்து, பம்பரின் நடுவில் உள்ள துளைக்குள் வளைந்த இரும்பு ஹான்டிலைக் கொடுத்து, ஒரு கையால் வீசிச் சுழற்றுவார். புதுப் பற்றரி கிடைக்காத ஊரில் அந்தக் கைதான் ஸ்டார்ட்டர். எஞ்சின் இரண்டு முறை தும்மிப் பிடித்துக்கொள்ளும். அது சூடேறும் மட்டும் பெற்றோல் துளி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாய். ஒழுங்கை முழுவதும் வெள்ளைப் புகை, கூடவே குப்பி விளக்கின் மணம்.

இது மந்திரம் அல்ல, எந்திர நியாயம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூடான எஞ்சினில் ஆவியாகும். அதன் ஒக்ரேன் தரம் குறைவு, ஆகவே உயர் அமுக்கமுள்ள எஞ்சினில் தட்டும். ஏ40 இன் அமுக்க விகிதமோ ஏழு சொச்சம்தான். ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் அது பொறுத்துக்கொள்ளும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஓயிலைத் தண்ணீராக்கும் என்பதால் ஓயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் எந்தக் கையேடும் சொல்லித் தரவில்லை. வேப்பமர நிழலில் கறுத்த கையோடு நின்ற நம் மெக்கானிக்மார் கண்டுபிடித்தார்கள். உதிரிப்பாகம் வராத காலத்தில் லேத்துப் பட்டறையில் கடைந்து போட்டார்கள். அவர்களை நினைக்கும்போது எனக்குப் பெருமை பொங்குகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மக்கள் கூட்டம் நடமாடியதற்குப் பின்னால் அந்தக் கைகள் இருந்தன.

அதோடு முடிந்ததா? 2002 ஏப்ரலில் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. அது திறக்க 2009 ஆக வேண்டியிருந்தது. பிறகு 2022 இல் நாடு முழுவதற்குமே எரிபொருள் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அது தொடங்கியபோது, கயென் டேர்போ ஒன்று வீட்டில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ரவுண் ஓட்டத்தில் நூறு கிலோமீற்றருக்கு அது இருபது லீற்றரைத் தாராளமாகக் குடிக்கும். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஒருமுறை போய்வரலாம். இரண்டாம் முறைக்குக் காணாது.

ஆகவேதான் சொல்கிறேன், வாகனத்தைப் பார்க்கக் கொழும்புக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டிலிருந்து அரைமணித் தூரத்துக்குள் உள்ள கராஜுக்குப் போங்கள். “அண்ணை, இந்த எஞ்சினை நீங்கள் திறந்திருக்கிறீங்களோ?” என்று கேளுங்கள். பிராடோ, மிற்சுபிசி மொன்டெரோ என்றால் பதில் உடனே வரும். பிராடோவின் 3.0 லீற்றர் டீசல் எஞ்சின் ஹயஸ் வானிலும் கப் வாகனத்திலும் பூட்டப்பட்ட அதே குடும்பம். முறுக்குவிசை 410 நியூட்டன் மீற்றர், உங்கள் படகுக்கு அது தாராளம். இன்ஜெக்டரைச் சோதிக்க ஆள் இருக்கிறார், பழைய பாகமும் கிடைக்கும்.

கயெனுக்கு உள்ள வருத்தம் வேறு மாதிரியானது. முதல் தலைமுறை எட்டுச் சிலிண்டர் எஞ்சினின் மேல், இரு வரிசைச் சிலிண்டருக்கும் இடையில், குளிரூட்டித் தண்ணீர் போகும் குழாய்கள் பிளாஸ்ரிக்கால் ஆனவை. சூட்டில் அவை முறுகி வெடிக்கும் என்பது உலகம் அறிந்த குறை. அலுமினியக் குழாய் மாற்றியிருக்கிறதா என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நடுத்தண்டின் தாங்கி, ஏர் சஸ்பென்சன் பூட்டியிருந்தால் அதன் ரப்பர்ப் பை, இரண்டும் வயதோடு போகும். வைகாசி வெயிலில் இவ்வூர்த் தார் வீதியின் சூடு அந்த வயதைக் கூட்டும். இவற்றைச் சரிபார்க்கும் கணினியும் பழகிய கையும் கொழும்பில் உண்டு. ஆனால் வாகனம் பழுதாகி நிற்கப்போவது வடமராட்சியில். ஒவ்வொரு முறையும் நானூறு கிலோமீற்றர் லொறியில் ஏற்றி அனுப்பக் காசும் பொறுமையும் உள்ளவர் வாங்கட்டும், அது அருமையான வாகனம்தான். அன்றாடம் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியவருக்கு வேண்டாம் என்பது என் துணிபு.

எரிபொருள் பற்றியும் ஒரு சொல். கயென் கேட்பது உயர் ஒக்ரேன் பெற்றோல், 92 ஊற்றினால் வலுவும் போகும், காலப்போக்கில் எஞ்சினும் போகும். புதிய டீசல் ஜீப்புகளில் புகைவடி இருக்கும். சாதாரண டீசலின் கந்தகம் அதற்கு ஒவ்வாது, சூப்பர் டீசல் கிடைக்கும் நிலையம் வழக்கமான பாதையில் இருக்க வேண்டும்.

எந்த ஜீப் ஆனாலும் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்னதாகவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். கியர் ஓயிலை ஒரு துளி விரலில் தொட்டு மணந்து பாருங்கள், கருகல் மணம் அடித்தால் அது பாரம் இழுத்துக் களைத்த கியர். தரை விரிப்பைத் தூக்கி, ஆசன ஆணிகளில் துரு ஏறியிருக்கிறதா, இடுக்கில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. தண்ணீரில் நின்ற வாகனத்தின் வயர் மூட்டுகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும், வாங்கும் அன்று எல்லாம் வடிவாக வேலை செய்யும். இலங்கையில் எவ்வளவு ஓடியது என்ற மீற்றர்க் கணக்கை நம்புவதைவிடப் பிரேக் பெடலின் தேய்ந்த ரப்பரை நம்பலாம்.

நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் புங்குடுதீவுப் பாதையிலும் சோளகம் வீசும்போது கடலின் உப்பு வாகனத்தின் அடிவயிற்றில் படிகிறது. நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கழுவாததைவிடக் கேடு. மற்றது நம் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேற்றருக்குள்ளும் படியும். அவசரத்துக்குக் கூடக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல், ஒரு போத்தல் கூலன்ற் எப்போதும் பின்னால் வைத்திருங்கள்.

தம்பிக்கு என் பதில் இதுதான்: பதிவு, காப்புறுதி, லீசிங் பாக்கி எல்லாம் சுத்தமான ஒரு டீசல் பிராடோ அல்லது மொன்டெரோ, பிரேக் பூட்டிய ரெயிலர், மணலுக்கு உழவு இயந்திரம். மிஞ்சும் காசில் நான்கு நல்ல ரயரும் ஒரு புதுப் பற்றரியும் வாங்குங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க் கார்களை ஓட்டிய சாரதிமாரும் அவற்றைத் திருத்திய மெக்கானிக்மாரும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி அனுப்புங்கள்: காபரேற்றரில் என்ன மாற்றம் செய்தார், பிஸ்ரன் றிங் எங்கே கடைந்தார், ஓயிலுக்கு என்ன செய்தார். கையெழுத்துப் பிரதியானாலும் சரி, பிழையிருந்தாலும் சரி, திருத்திப் பிரசுரிப்பது எங்கள் வேலை. பழைய படங்கள் இருந்தால் பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். அடுத்த இதழில் அதற்கெனப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்