மடியில் முடங்கிய நெசவாளியின் நாய்

ஆரணியில் பட்டு வணிகர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் ஒரு யார்க்‌ஷயர் டெரியரைக் கண்டோம். உச்சந்தலையில் சிவப்பு ரிப்பன். மூன்று கிலோ தேறாத உடம்பு. எங்களைக் கண்டதும் தொடங்கிய குரைப்பை அது நிறுத்தவே இல்லை. “சின்ன நாய்தானே, மடியில் கிடந்தால் போதும். ஆனால் திமிர் மட்டும் அடங்கவில்லை” என்றார் வீட்டுக்காரர். மறுநாள் கல்லூரி ஓய்வறையிலும் இதே கருத்து ஒலித்தது. இதை மறுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

இந்த நாயின் பூர்வீகம் அரண்மனையன்று, ஆலை. 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்திலிருந்து வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களுக்குப் பெயர்ந்த நெசவாளர்கள், தம்மோடு கொண்டுவந்த சிறு டெரியர்களிலிருந்து உருவாக்கிய இனம் இது. எலி பிடிப்பதே அதன் தொழில். இனத்தின் மூலத்தந்தையாகக் கருதப்படும் ‘ஹடர்ஸ்ஃபீல்டு பென்’ (1865–1871) கண்காட்சிகளில் பரிசு பெற்றது; எலி பிடிப்பதிலும் பேர்பெற்றிருந்தது. சீமாட்டிகளின் மடிக்கு ஏறிய பின் உடல் சிறுத்தது, குணம் சிறுக்கவில்லை. 1944இல் நியூ கினிக் காட்டில் கண்டெடுக்கப்பட்ட ‘ஸ்மோக்கி’ இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், விமான ஓடுதளத்தின் அடியே சென்ற 70 அடி நீளக் குழாய்க்குள், கழுத்துப்பட்டையில் கட்டிய கயிற்றோடு நுழைந்து மறுபுறம் வெளியேறி, தொலைபேசிக் கம்பி செல்ல வழிசெய்தது அது. பாவுக்கிடையே நாடா ஓடுவதை அன்றாடம் பார்க்கும் ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே, நாம் திமிர் என்பது வேலையற்றுப்போன வேட்டைப்புத்தி. தினமும் நடை, மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு, அதட்டாத பயிற்சி, மனிதத் துணை ஆகியவை இருந்தால் குரைப்பு பெரிதும் தணியும். உடல் தேவைகளும் குறைவல்ல. மூச்சுக்குழாய் மெலிந்தது; கழுத்துப்பட்டையில் இழுக்காமல் மார்புவார் பூட்ட வேண்டும். பல் நோய் எளிதில் வரும். பல் துலக்கிவிட வேண்டும். அடிமுடி இல்லாத ஒற்றை மயிர்ப்போர்வை மனிதத் தலைமுடிபோல் வளர்ந்து சிக்காகும். நாள்தோறும் வாராவிட்டால் தோல் புண்ணாகும். நம் சித்திரை வெயிலுக்கு முடியைக் குட்டையாகக் கத்தரிப்பதே கருணை. குட்டிகள் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கக்கூடும்.

‘சிப்பிப்பாறையும் கன்னியும் இருக்க, சீமை நாய் எதற்கு?’ என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்கெனவே நம் வாசலுக்கு வந்துவிட்ட உயிருக்கு அது விடையாகாது. இனி வாங்குவோர் ஒன்றை அறிக: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தடைசெய்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் குட்டி என்று விலையேற்றி விற்பவரிடம் முதலில் வயதைக் கேளுங்கள்.

புடவையைக் கொண்டாடிவிட்டு, குழித்தறியில் கால்விட்டு அமர்ந்திருப்பவரை மறப்பது நமக்குப் பழகிவிட்டது. அந்த நெசவாளியின் நாயையும் முடியழகுக்காக மட்டுமே வாங்குகிறோம். நாளுக்கு ஒரு மணி நேரம் அதற்கென ஒதுக்க இயலாதவர் வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.