பழைய மெஷினுக்குப் புது வாசல், பூட்டு எங்கே?

எடை மெஷின், பில் பிரிண்டர் என்று இன்னும் எத்தனையோ கருவிகள் சீரியல் போர்ட்டோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1960-ல் வந்த ஆர்எஸ்-232 தரம் அது. இப்போதைய லேப்டாப்களில் அந்த போர்ட்டைப் பார்ப்பதே அபூர்வம். அதற்காக நல்ல மெஷினைத் தூக்கிப் போடணுமா? வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

மெஷினின் ஒயரை ஒரு கன்வெர்ட்டர் பெட்டியில் செருகி, பெட்டியை நெட்வொர்க்கில் இணைத்தால் போதும். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள், நிஜத்தில் இல்லாத 'காம் 5' போர்ட்டை இருப்பதாகக் காட்டும். பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்கு வித்தியாசமே தெரியாது. தேய்மானம் கழித்துக் கழித்து கணக்கில் மதிப்பே இல்லாமல் போன மெஷின் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

ஆனால் நண்பர்களே, வாசல் வைத்தால் பூட்டும் வேண்டும். 2015 டிசம்பர் 23-ல் உக்ரைனின் மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள், துணைமின் நிலையங்களில் இருந்த இதே மாதிரிப் பெட்டிகளின் ஃபர்ம்வேரைக் கெடுத்துவிட்டார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. ஊழியர்கள் நேரில் போய்க் கையால் ஸ்விட்ச் போட வேண்டியதாயிற்று.

நம்ம கடைத் தராசுக்கு இவ்வளவு பயமா என்று கேட்காதீர்கள். தராசு சொல்வதுதான் பில், பில்தான் காசு. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து பார்த்தே ஆகணும் என்றால் விபிஎன் வழியாகப் பாருங்கள். மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் பூட்டுக்கும் போகட்டுமே!